தடை தெரிந்தவர்கள்

என் தம்பிக்குப் பெண் தேடிக் கொடுத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போதகர் செய்ததையும் அம்மா செய்ததையும் எழுதிக்கொண்டே போகும்போது, நான் ஏதோ ஓரமாக நின்று பார்த்தவள்போலத் தெரிந்துவிடக் கூடாது.

நாங்கள் இரண்டே பிள்ளைகள். நான் கல்லூரியில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். தம்பி என்னைவிட ஏழு வயது சின்னவன். எனக்கு வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு வீடும் அந்தப் பக்கமே அமைந்துவிட்டது. அம்மாவும் தம்பியும் திருவண்ணாமலை ஊருக்குள் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அவன் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் டெக்னீஷியன். வெறும் வயிற்றோடு வருகிற சர்க்கரைக்காரர்களுக்காகக் காலை ஆறு மணிக்கே போய்க் கதவைத் திறப்பான். அவன் ஊசி குத்தினால் வலிக்காது என்று பெயர். வேறு ஆள் சும்மா இருந்தாலும் வயதானவர்கள் அவன் வரும்வரை காத்திருந்து அவனிடமே கையை நீட்டுவார்கள்.

எங்கள் சபை சின்னது. எழுபது குடும்பம் இருந்தால் அதிகம். யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை எல்லாருக்கும் தெரியும். தம்பி அங்கே தாமதமாக வருகிறவர்களுக்கு இடம் காட்டுவான். மாதத்தில் ஒரு ஞாயிறு வேதபாடம் வாசிப்பான். அவன் குரல் கனமானது. பழைய ஏற்பாட்டின் நீளமான பெயர்களைத் தடுக்காமல் வாசிப்பான்.

அவனுக்கு இருபத்தெட்டு நடந்துகொண்டிருந்தபோது, ஆணும் ஆணும் சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாகச் செய்தி வந்தது. அடுத்த ஞாயிறே போதகர் அதைப் பிரசங்கத்தில் எடுத்தார். இந்தப் பாவத்துக்காகச் சோதோம் பட்டணம் எரிந்ததைச் சொன்னார். சட்டம் மாறலாம், வேதம் மாறாது என்றார். கெட்ட மனுஷர் அல்ல அவர். அப்பா சாகக் கிடந்தபோது மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே இருந்தவர். அன்றைக்கும் கோபமாகப் பேசவில்லை, கவலையோடுதான் பேசினார். முடித்தபோது எல்லாரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன். தம்பி பின்னால் கதவருகே நின்றுகொண்டிருந்தான். அவன் சொன்னானா என்று தெரியாது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, செங்கம் பக்கம் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனோம். அம்மாவும் சித்தியும் பஸ்ஸில் திரும்பினார்கள். நான் தம்பியின் வண்டியில் வந்தேன். கிரிவலப் பாதைக்குள் திரும்பி, அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை முன்னால் அவன் வண்டியை நிறுத்தினான். பௌர்ணமி முடிந்த மறுநாள். பாதை முழுக்கக் காகிதத் தட்டுகளும் நசுங்கிய டம்ளர்களும் கிடந்தன. பெருக்குகிறவர்கள் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

டீ வந்தது. அவன் குடிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு வேணாம்க்கா" என்றான்.

"ஏன், நல்லாத்தானே இருக்கா? வேற யாரையாச்சும் பார்த்து வெச்சிருக்கியா?"

"எந்தப் பொண்ணும் வேணாம்க்கா. எனக்கு அந்த நெனப்பே வரலை. சின்ன வயசுல இருந்தே வரலை."

எனக்கு உடனே புரியவில்லை. "வரலைன்னா?" என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், பெருக்குகிறவர்களைப் பார்த்தபடியே சொன்னான்.

"அன்னைக்கு ஐயா பிரசங்கம் பண்ணாரு இல்ல? அது என்னைப் பத்திதான்க்கா."

கையிலிருந்த டம்ளர் சுட்டது. கீழே வைக்கவும் தோன்றவில்லை. "யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். அதுதான் எனக்கு வந்த முதல் கேள்வி. இல்லை என்று தலையாட்டினான். "நான் எந்தத் தப்பும் பண்ணலைக்கா. பண்ணணும்னும் கேக்கலை. இப்படியே தனியா இருந்துட்டுப் போறேன். அம்மாகிட்ட மட்டும் நீ சொல்லிப் புரிய வை. கல்யாணப் பேச்சை விட்டுடச் சொல்லு. அது போதும்."

அவன் கேட்டது அவ்வளவுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஜெபம் பண்ணலாம்டா, எல்லாம் சரியாயிடும்" என்றேன். அவன் சரி என்று எழுந்து வண்டியை எடுத்தான்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. போதகரிடம் போய்ச் சொன்னேன். தம்பியைக் கேட்காமலே சொன்னேன். அவனுடைய ஆத்துமாவுக்காகச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருவேளை, அந்தப் பாரத்தை நான் மட்டும் சுமக்க முடியாமல் இன்னொருவர் தோளில் இறக்கினேனோ என்னவோ.

போதகர் கண்ணை மூடி ஜெபித்தார். பிறகு, "யாருகிட்டயும் சொல்லாதேம்மா" என்றார். "நல்ல பையன். உபவாசம் இருந்து ஜெபிப்போம். அப்புறம் சீக்கிரமா ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சிடுங்க. மனுஷன் தனியா இருக்கறது நல்லதில்லைன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. குடும்பம், குழந்தைன்னு ஆனா இதெல்லாம் தானா கழண்டுடும்."

"அவனுக்கு இஷ்டம் இல்லைன்னா ஐயா?"

"இஷ்டம் பார்த்தா எந்தப் பாவத்துல இருந்தும் யாரும் வெளியே வர முடியாதும்மா."

போதகர் கூப்பிட்டுச் சொன்னதும் தம்பி ஒப்புக்கொண்டான். நாற்பது நாள். வாரத்துக்கு மூன்று நாள், வேலை முடிந்ததும் தம்பி ஆலயத்தை ஒட்டிய அறைக்குப் போய்ப் போதகரோடு முழங்காலில் இருந்தான். பகலில் சாப்பிடவில்லை. ரத்தம் எடுக்கிறபோது கை நடுங்கியதாகப் பிறகு சொன்னான். முதல் முறையாக ஒரு பெரியவருக்கு இரண்டு தடவை குத்தும்படி ஆகிவிட்டதாம். கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கியது. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. பையனுக்குப் பக்தி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள்.

நாற்பது நாள் முடிந்து என் வீட்டுக்கு வந்தான். "நெஜமாத்தான் ஜெபம் பண்ணேன்க்கா" என்றான். "ஒப்புக்குப் பண்ணலை. அழுதேன். மாத்திக் குடுங்கன்னு கெஞ்சினேன். ஒண்ணும் மாறலை. ஐயா கேட்டாரு, இப்ப எப்படி இருக்குன்னு. பாவம், அவரும் என்கூட சாப்பிடாம இருந்தாரு. பரவாயில்லைன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பரவாயில்லையைப் போதகர் கர்த்தர் தந்த பதிலாக எடுத்துக்கொண்டார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கு அந்த வருஷம் நெஞ்சுவலி வந்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வெளியே வந்ததும், "உன் கல்யாணத்தைப் பார்த்துட்டுப் போறேன்டா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் என்னைப் பார்த்தான். நான் மாத்திரைச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். சரிம்மா என்றான்.

பெண் ஆரணிப் பக்கம். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். பெண்ணும் பி.எட். முடித்துவிட்டுத் தனியார் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒடிசலான உடம்பு, பெரிய கண்கள். என்னிடம் பேசும்போது சிரித்துக்கொண்டே பேசினாள். ஆண்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, பெண்ணின் அம்மா என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனார்.

"ஒரே பொண்ணும்மா" என்றார். "நீ அக்கா, உனக்குத்தான் தெரியும். மறைக்காம சொல்லு. பையன் எப்படி? ஏதாச்சும் பழக்கம் கிழக்கம் இருக்கா?"

"ஒரு கெட்ட பழக்கமும் இல்லைங்க. குடி, சிகரெட் எதுவும் தொட்டதில்லை. ஞாயித்துக்கிழமை ஆராதனையை விட மாட்டான். எந்தப் பொண்ணையும் நிமிர்ந்து பார்க்க மாட்டான்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. கடைசி வாக்கியம்கூட உண்மைதான். அந்த அம்மாவின் முகம் தெளிந்துபோனதைப் பார்த்தேன். எனக்கு ஒரு தட்டில் கேசரி வைத்துக் கொடுத்தார். வழக்கத்தைவிட நெய் ஜாஸ்தி. சாப்பிட்டேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்று சொல்வோம். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இவர்கள் சேரக் கூடாததற்கு யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். யாரும் எதுவும் சொன்னதில்லை. பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுப்போம், கைக்குட்டையைத் தேடுவோம். நானும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

முதல் ஞாயிறு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் ஞாயிறு, போதகர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார். ஆண்கள் வரிசையிலிருந்து தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். கோபம் இல்லாத பார்வை. ஊசிக்குக் கையை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்க்கிறவர்கள் இருப்பார்கள். சிலர் மட்டும் குத்துகிற இடத்தையே பார்ப்பார்கள். அவன் அப்படிப் பார்த்தான். நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து எண்ணைத் தேடினேன். அந்தக் கட்டடத்துக்குள் தடை தெரிந்தவர்கள் மூன்று பேர். கேட்டவருக்கும் தெரியும். மூன்றாம் ஞாயிறு, தலைவலி என்று நான் போகவில்லை.

கல்யாணம் நடந்தது. படத்தில் எல்லாரும் நன்றாகவே இருக்கிறோம்.

அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு நல்ல துணையாக இருந்தாள். இங்கேயே ஒரு பள்ளியில் வேலையும் கிடைத்தது. ஆறு மாதம் போனதும் சபைப் பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள், விசேஷம் ஒன்றும் இல்லையா என்று. அம்மா அவளை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். அவளுக்கு மட்டும் என்னென்னவோ பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். அதற்கான ரத்தத்தைத் தம்பியே எடுத்தான் என்று அம்மா என்னிடம் பெருமையாகச் சொன்னாள். அன்றைக்கு அலுவலகத்திலிருந்து என் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தேன். ஆனாலும் நான் எதுவும் செய்யவில்லை.

பத்தாம் மாதம் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் என் அலுவலகத்துக்கு வந்தாள். பள்ளியில் அரை நாள் லீவு சொல்லியிருந்தாள். கட்டடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு உண்டு. அங்கே உட்கார்ந்தோம்.

"அவரு நல்லவரு அண்ணி" என்று ஆரம்பித்தாள். "காலைல எனக்கு முன்னாடி எழுந்து காபி போட்டு வெச்சிட்டுப் போவாரு. ஒரு நாள்கூடக் குரல் ஒசத்திப் பேசினதில்லை. ஆனா பக்கத்துல வர்றதில்லை. எங்கிட்ட என்னா குறைன்னு கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு பார்ப்பேன். கறுப்பா இருக்கேனோ, ஒல்லியா இருக்கேனோன்னு. ராவெல்லாம் முழிச்சிருந்து, காலைல பிள்ளைங்களுக்குக் கணக்கு தப்பா போட்டிருக்கேன்."

நான் என் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நேத்து அவரே சொல்லிட்டாரு. டாக்டரம்மா இன்னொரு டெஸ்டு எழுதினாங்க இல்ல, அந்தச் சீட்டைப் பார்த்து அழுதுட்டாரு. உனக்கு ஒண்ணும் இல்லை, எங்கிட்டதான்னு எல்லாத்தையும் சொன்னாரு." என்னை நேராகப் பார்த்தாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியும்னாரு. அப்படியா அண்ணி?"

"தெரியும்" என்றேன்.

"எங்கம்மா உங்களைக் கேட்டாங்களே. சமையல் ரூம்ல. நான் கதவாண்ட நின்னு கேட்டுட்டுதான் இருந்தேன். நீங்க சொன்னதைக் கேட்டுதான் நான் சரின்னேன்."

அவள் அழவில்லை. புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். "அவரு மேல எனக்குக் கோவம் கம்மிதான் அண்ணி. அவரு மாட்டிக்கிட்டவரு. நீங்க யாரும் மாட்டிக்கலையே" என்றாள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். அடுத்த நாள் ஆரணிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

அவளுடைய அப்பா வந்தார். ஆலயத்தை ஒட்டிய அறையில் போதகர், சபைக் கமிட்டியிலிருந்து இரண்டு பேர், தம்பி, நான். அந்த ஆசிரியர் கத்துவார் என்று எதிர்பார்த்தோம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போதகரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஓலை வாசிச்சது நீங்கதானேங்க ஐயா. தெரிஞ்சே வாசிச்சீங்களா?"

போதகரின் உதடு அசைந்தது. "நல்லதுன்னு நெனச்சேன்" என்றார். "ஒரு ஆத்துமாவைக் காப்பாத்தணும்னு..."

"எம் பொண்ணுக்கு ஆத்துமா இல்லைங்களா?"

அவர் என் பக்கம் திரும்பி, "நீயும் ஒரு பொம்பளைதானேம்மா" என்றார். கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு கமிட்டிக்காரர்களுக்குப் பேச்சு வந்தது. சபையின் பெயர் கெட்டுவிட்டது என்றார்கள். ஒருவர் தம்பியைப் பார்த்து, "இனிமே நீ வேதபாடம் வாசிக்க வேணாம்பா. கதவாண்ட நிக்கவும் வேணாம். திருவிருந்துக்கும் கொஞ்ச நாள் வராதே. நாங்க சொல்றப்ப வந்தா போதும்" என்றார். போதகர் தலையைக் குனிந்தபடி இருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. தம்பி, "சரிங்க" என்றான்.

எனக்கும் போதகருக்கும் எந்தத் தடையும் இல்லை. அதைப் பற்றி யாருக்கும் யோசனையே வரவில்லை.

அடுத்த திருவிருந்து ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் வாங்க எல்லாரோடும் நானும் எழுந்து போய் முழங்காலிட்டேன். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். போதகர் ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தார். என் முன்னால் வந்ததும் அவர் கை நின்றது. நான் நிமிர்ந்தேன். வயதான மனுஷன், கண் கலங்கியிருந்தது. அப்பத்தை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு அவசரமாக அடுத்தவருக்கு நகர்ந்தார். நான் விழுங்கினேன். தம்பி கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

அந்த நாட்களில் நான் வேதத்தை எடுத்து, இதைப் பற்றிச் சொல்கிற இடங்களை எல்லாம் தேடிப் படித்தேன். அதிகம் இல்லை, விரல் விட்டு எண்ணிவிடலாம். லேவியராகமத்தில் இருக்கிறது. பவுல் ரோமருக்கு எழுதியதில் இருக்கிறது. அந்த வார்த்தைகளை இல்லை என்று சொல்ல எனக்குத் துணிச்சலும் இல்லை, படிப்பும் இல்லை. அதற்கு வேறு அர்த்தம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று இப்போது தெரியும். அவர்கள் சொல்வது சரியா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ரோமரில் அந்த இடத்தை முடித்ததும் பவுல் நிறுத்தவில்லை. தொடர்ந்து ஒரு பட்டியல் போடுகிறார். பொறாமை வருகிறது, புறங்கூறுவது வருகிறது. வஞ்சகமும் வருகிறது. இத்தனை வருஷம் அந்த அதிகாரத்தைக் கேட்டு, அதில் என் பெயர் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அதிகாரத்தைத் திருப்பினால், அடுத்ததின் தொடக்கத்திலேயே, பிறனைக் குற்றவாளி என்று தீர்க்கிற மனுஷன் பக்கம் அவர் திரும்பிவிடுகிறார். போதகரின் பிரசங்கம் முதல் அதிகாரத்தோடு முடிந்திருந்தது.

பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது கட்டளை. அதில் எந்த அர்த்தத் தகராறும் இல்லை. அதை உடைத்துவிட்டுத்தான் நாங்கள் தம்பியைப் பாவத்திலிருந்து காப்பாற்றப் போனோம்.

இதைத் தம்பியிடம் ஒரு நாள் சொன்னேன். கோர்ட்டில் இருவரும் சம்மதித்துப் பிரிந்த பிறகு, அவன் சென்னைக்குக் கிளம்புவதற்காகத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் சிரித்தான்.

"பவுலுக்கே கல்யாணம் ஆகலைக்கா" என்றான். "ஏன் ஆகலைன்னு அவரை எந்த சபை கேட்டுது? என்னை மாதிரியே இருந்துடுங்கன்னுகூட எழுதி வெச்சிருக்காரு. நான் அப்படித்தான் இருந்துட்டுப் போறேன்னு உங்கிட்ட கேட்டேன். வேதத்துக்கு விரோதமா நான் ஒண்ணும் கேக்கலை. அதுக்குக்கூட நம்ம சபைல இடம் இல்லாமப் போச்சு." சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தான். "அந்தப் பொண்ணுக்கு நான் பண்ணது மன்னிக்க முடியாததுக்கா. நான் வாயைத் திறந்து மாட்டேன்னு சொல்லியிருக்கணும். அது என் தப்பு. அதை உங்க மேல போட மாட்டேன்."

அந்தப் பெண் போன பிறகுதான் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்தது; அவன் கிளம்பியபோது வாசல்வரைகூட வரவில்லை. இப்போது அம்மா என்னோடு இருக்கிறாள். தம்பி ஞாயிறு தோறும் போன் செய்வான். சாப்பிட்டியா, உடம்பு நல்லா இருக்கா என்ற இரண்டைத் தவிர இந்த ஆறு வருஷத்தில் அவள் அவனிடம் வேறு கேட்டதில்லை. வெளியே, பையனுக்குச் சென்னையில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு நான் இரண்டு முறை கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வேறு மாவட்டத்தில் வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அந்தச் சமையலறையில் நான் வாயை வேறு மாதிரி திறந்திருந்தால் அவள் இன்று எப்படி இருந்திருப்பாள் என்று யோசிக்காத வாரம் இல்லை.

சென்ற வருஷம் அலுவலக வேலையாகச் சென்னைக்குப் போனபோது அவன் அறைக்குப் போனேன். ஒற்றை அறை, ஒரு கட்டில். சுவரில் நாள்காட்டியைத் தவிர எதுவும் இல்லை. அப்பா தந்த பைபிள் ஜன்னலோரம் இருந்தது. முப்பத்தைந்து வயதில் காதோரம் நரைத்துவிட்டான். அவனே சமைத்துப் போட்டான்.

"சர்ச்சுக்குப் போறியா?" என்று கேட்டேன்.

"போறேன்க்கா. இங்க பக்கத்துல பெரிய சர்ச்சு. கும்பல்ல யாருக்கும் என்னைத் தெரியாது. பின்னாடி உக்காந்துட்டு வந்துடுவேன்."

"திருவிருந்து எடுக்கறியா?"

"இல்லைக்கா."

"ஏன்டா? இங்க யாரு உன்னைத் தடுக்கறாங்க?"

"இங்க யாரும் தடுக்கலை. அங்க தடுத்தாங்க இல்ல. நாங்க சொல்றப்ப வான்னாங்க. யாரும் இன்னும் சொல்லலையே."

சோறு என் கையிலேயே இருந்தது. அந்தக் கமிட்டிக்காரர்களில் ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவர் மகனோடு ஓசூருக்குப் போய்விட்டார். போதகர் ஓய்வுபெற்று எங்கேயோ சொந்த ஊரில் படுக்கையில் இருக்கிறார். ஒரு மதியம் ஒருவர் சொன்ன கொஞ்ச நாளை, இவன் இங்கே தனியாக உட்கார்ந்து ஆறு வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறான். அவனைச் சபைக்குக் கீழ்ப்படியாதவன் என்று சொன்னவர்களும் உண்டு.

ஊருக்கு வந்ததும் புதிய போதகரைப் போய்ப் பார்த்தேன். இளைஞர், மரியாதையானவர். முழுக் கதையையும் சொன்னேன், என் பங்கையும் சேர்த்து. அவர் பழைய தீர்மானப் புத்தகங்களை எடுத்து அந்த வருஷத்தை முழுவதும் புரட்டினார்.

"எழுத்துல ஒண்ணும் இல்லைங்களே" என்றார். "இப்படி ஒரு தடை போட்டதாவே இல்லை. வாயால சொன்னதா இருக்கும்."

"அப்ப அதை நீங்க வாயாலயே எடுத்து விட்டுடுங்க ஐயா. அவனுக்கு ஒரு போன் பண்ணி வான்னு சொல்லுங்க."

அவர் புத்தகத்தை மூடினார். "இல்லாத ஒண்ணை நான் எப்படிங்க நீக்கறது? கமிட்டியில வெச்சாதான் முடியும். வெச்சா மறுபடி எல்லாருக்கும் தெரியும். உங்கம்மா வேற இங்கதான் வர்றாங்க." பிறகு தயங்கி, "உண்மையைச் சொன்னா, இதுல எனக்கே தெளிவு இல்லைங்க. வேதாகமக் கல்லூரியில படிக்கறப்போ இதைப் பத்தி ஒரே ஒரு வகுப்பு எடுத்தாங்க. எல்லாரும் சத்தமா பேசினாங்க. அந்த மாதிரி ஒரு ஆளை யாரும் கூட்டிட்டு வந்து உக்கார வெக்கலை" என்றார். எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னார்.

அடுத்த நாள் தம்பிக்குப் போன் செய்தேன். "அப்படி ஒரு தடை இல்லவே இல்லையாம்டா. எங்கயும் எழுதலையாம்" என்றேன்.

அவன் பக்கத்தில் ரத்தக் குப்பிகளைச் சுழற்றுகிற இயந்திரம் ஓடுவது மட்டும் கேட்டது.

"எழுதலையா" என்றான்.

"ஆமாம்டா. நீ எடுத்துக்கலாம்."

"யாரு சொன்னாங்க எடுத்துக்கலாம்னு? ஐயாவா?"

"அவரு அப்படிச் சொல்லலை" என்றேன்.

"சரிக்கா. இங்க ஆளுங்க நிக்கறாங்க. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

போன மாதம் திருவிருந்து ஞாயிறு, எங்கள் வரிசையின் முறை வந்தபோது எல்லாரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்மானித்து வந்தவள் இல்லை; கால் எழவில்லை. பக்கத்தில் இருந்த பெண் என்னைத் தாண்டிப் போகும்போது குனிந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பாள், சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்த வார்த்தை திரும்பிவிட்டது.

"ஆமாங்க, கொஞ்சம் தலை சுத்துது" என்றேன்.